சாங்கீஃப் ஆடுறவன் எழுதுற ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரிவ்யூ: குதிக்காதீங்க, நடங்க

இந்த சண்டை கேம்ல, கிட்ட போய் புடிச்சு அடிக்கிற மல்யுத்தக்காரன் சாங்கீஃப எடுத்து ஆடுறவனுக்கு எதிர்ல, தூரத்துலேந்தே அடிக்கிற கைல் வந்து நின்னா பாதி உசுரு அப்பவே போயிடும். அவன் அந்தக் கோடியில உக்காந்துக்கிட்டு சானிக் பூம் சானிக் பூம்னு பறந்து வர்ற அடிய விட்டுக்கிட்டே இருப்பான், நம்மாளு ஆனை மாதிரி உடம்ப வச்சிக்கிட்டு கிட்ட போய் புடிக்கணும், கடுப்புல ஒரு குதி குதிச்சா ஃப்ளாஷ் கிக்குன்னு குதிக்கிறவன அடிக்கிற உதை வந்து மூஞ்சில விழும். கும்பகோணத்துல எங்க ஜமா ராத்திரி கடையெல்லாம் சாத்துன பிறகு ஒரு மாடி ரூம்ல ஒரு டிவி ரெண்டு பேடுன்னு கூடும், அங்க பாத்திரக்கடையில வேல பாக்குற மாப்ள ஒருத்தன் கைல தவிர வேற ஆளத் தொடவே மாட்டான். அதனால 2023 ஜூன்ல வந்த இந்த கேமுக்கு இவ்ளோ லேட்டா ரிவ்யூ எழுதுறதுக்கு எனக்குத் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன். கிராபிக்ஸ், வேர்ல்ட் டூர் பத்தியெல்லாம் நூறு பேரு பேசியாச்சு, நான் கஷ்டமான மேட்ச்அப்ப (எந்த ஆளுக்கு எதிர்ல எந்த ஆளுங்கிற ஜோடிய) இந்த கேம் எப்படி வச்சிருக்குன்னு மட்டும் சொல்றேன்.

மேட்டர் எல்லாம் ட்ரைவ் கேஜ்ங்கிற சக்தி மீட்டர்லதான் இருக்கு. ஆறு கட்டம். பூம பிளாக் பண்ணா அது கொஞ்சம் கொஞ்சமா கரையும், அதே பூம பாரி பண்ணா, அதாவது அதுக்குன்னு இருக்குற பட்டன அழுத்தி அடிய தட்டி விட்டா, திரும்ப ஏறும். அதாவது தூரத்துலேந்து அவன் விடுற ஒவ்வொரு பூமும் நமக்குத் தீனி. ஆனா பயத்துல பாரி பட்டன அழுத்திப் புடிச்சிக்கிட்டே நின்னா கேஜ் அதுபாட்டுக்கு காலியாகும், கிட்ட வந்து த்ரோ போட்டான்னா, அதாவது புடிச்சு எறிஞ்சான்னா, அது பனிஷ் கவுண்டராவே, கூடுதல் அடியோட விழும். கேஜ் மொத்தமா தீந்து பர்ன்அவுட் ஆயிட்டா இன்னும் மோசம், பாரியும் கிடையாது, பிளாக் பண்ணாக்கூட ஸ்பெஷல் அடி உசுர அரிக்கும், பிளாக் பண்ணிட்டு நாம வெளிய வர்றதுக்கு எப்பவும் ஆகுறத விட 4 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம்னா செகண்டுல அறுபதுல ஒரு பங்கு) கூட ஆகும். பொறுமையா ஆடுன்னா சும்மா நில்லுன்னு அர்த்தம் இல்லன்னு கேமே அடிச்சு சொல்லுது.

இன்னொரு விஷயம், பூம் சும்மா வராது. கைல் ஆடுறவன் பின்பக்கம் 45 ஃப்ரேம், அதாவது முக்கால் செகண்டு அழுத்திப் புடிச்சாத்தான் பூம் ரெடியாகும். முன்னாடி நடந்து வந்தா சார்ஜ் போச்சு. ஆக அவன் ஒண்ணு உக்காந்தே இருக்கணும், இல்ல பின்னாடி போகணும். நாம ரெண்டு அடி நடக்குறது, ஒரு பூம பாரி பண்றது, திரும்ப ரெண்டு அடி, அவ்ளோதான். பாக்குறவனுக்கு தூக்கம் வரும், ஆனா பின்னாடி எடம் குறையுறது அவனுக்குத்தான்.

எங்க ஜமாவுல வலங்கைமான் தம்பி ஒருத்தன் புதுசா சாங்கீஃப் எடுத்தான், ரவுண்டுக்கு ரவுண்டு குதிச்சு குதிச்சு வாங்கிட்டு, "குதிக்காம எப்புடிண்ணே உள்ள போறது, டைம் முடிஞ்சிரும்ல?"ன்னு கேட்டான். முடியாதுடா, 99 கவுண்ட் இருக்கு. கபடில கார்னர்ல நிக்கிறவன் ரைடர் கால தூக்குன ஒடனே பாய மாட்டான்ல, உள்ள இழுத்து விட்டு கணுக்கால்ல கை வைப்பான், அந்த மாதிரிதான் இதுவும். சாங்கீஃபுக்கு உசுரு 11,000, மத்தவங்க பெரும்பாலும் 10,000. போற வழில நாலு அடி வாங்கிக்கலாம், அதுக்குத்தான் குடுத்து வச்சிருக்கான். சுவத்து ஓரம் சேத்துட்டு ஸ்க்ரூ பைல்டிரைவர்னு சாங்கீஃபோட அந்தப் பெரிய புடிய மூணு நாலு தடவ புடிச்சா ரவுண்டே முடிஞ்சிரும். கடைசி நேரத்துல, புடிக்கிற தூரத்துக்கு ஒரே ஒரு அடி பாக்கி இருக்கும்போதுதான் கை அரிக்கும், ஜாக்கிரதை, நல்ல கைல் அந்தக் குதிக்குத்தான் காத்துக்கிட்டிருப்பான். உசுர்ல நாம முந்திட்டோம்னா இன்னும் சுகம், அப்ப அவன்தான் சார்ஜ விட்டுட்டு நம்மகிட்ட வந்தாகணும்.

ட்ரெயினிங் மோடுக்கு மட்டும் தனியா காசு குடுக்கலாம், அவ்ளோ நல்லா பண்ணிருக்காங்க. நம்மள சாவடிக்கிற அந்த ஒரு செட் அடிய டம்மிக்கு (பயிற்சிக்கு எதிர்ல நிக்கிற ஆளு) ரெக்கார்ட் பண்ணி குடுத்துட்டு திரும்பத் திரும்ப ஓட விடலாம், கீழ ஃப்ரேம் மீட்டர் ஓடும், யாரு முன்னாடி எந்திரிக்கிறான் எங்க நமக்கு சந்து கெடைக்குதுன்னு கலர்லயே தெரியும். தோத்துட்டு பேட தூக்கி எறியுற பசங்கள நான் மொதல்ல இங்கதான் உக்கார வைக்கிறேன். கைய நீட்டி தூரத்துலேந்து அடிக்கிற தால்சிமும் இப்படித்தான் அடங்குனான், கை நீட்டும்போது அந்தக் கையவே அடிக்கலாம்னு பாத்தாத்தான் புரியும். (நம்ம நாட்டு ஆளுன்னு 1991லேந்து ஒரு பாசம் இருக்கு, ஆனா எதிர்ல வந்தா அவரும் எரிச்சல்தான்.)

புடிக்காததும் இருக்கு. கார்னர்ல மாட்டுனா த்ரோ, எந்திரிச்சா திரும்ப த்ரோ, இந்த லூப்புக்கு பொறுமையெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது, யூகம்தான். பாரிலேந்து ட்ரைவ் ரஷ் (சட்டுன்னு முன்னாடி பாயுறது) கேஜ்ல ஒரே கட்டத்துக்கு கெடைக்கிறதால தூரத்துல நிதானமா ஆடுற ஆட்டம் சில ஆளுங்ககிட்ட செல்லுபடியாகாது. மாடர்ன் கண்ட்ரோல்ங்கிற சுலபமான பட்டன் முறையில ஒரே பட்டன்ல ஃப்ளாஷ் கிக் வர்றதப் பாத்து நெறைய பேரு கத்துறாங்க, அப்படி அடிச்சா டேமேஜ் 20 சதவீதம் கம்மி, எனக்கு அதுல சண்டை இல்ல.

ஆன்லைன்ல ரோல்பேக், அதாவது நெட் தாமதத்த மறைக்கிற முறை, இருக்கு, நல்லாவே ஓடுது, ஆனா லேன் ஒயர் போட்டு ஆடுங்க, எதிராளி வைஃபையா ஒயரான்னு மேட்ச்சுக்கு முன்னாடியே காட்டும், சிக்னல் கோடு கம்மியா இருந்தா தாராளமா வேணாம்னு சொல்லிடுங்க, லேக்ல பாரி டைமிங் பழகுனா கையே கெட்டுப்போகும். பேஸ் கேம்ல 18 பேரு இருக்காங்க, வருஷா வருஷம் வர்ற புது ஆளுங்களுக்குத் தனிக்காசு. ஆரம்பிக்கிறவங்க அத இப்ப வாங்காதீங்க, சேல்ல பேஸ் மட்டும் எடுத்து ஒரே ஒரு ஆளோட உக்காருங்க. என் ரேட்டிங் 10க்கு 8, அந்த த்ரோ லூப்புக்கு ஒண்ணு, ட்ரைவ் ரஷ்ஷுக்கு ஒண்ணு கொறச்சுட்டேன்.