பாகமா, ஃபாதமா? ஆழத்தை மீட்டருக்கு மாற்றும்போது

பாம்பன், மண்டபம் பக்கம் கயிற்றை இரு கை விரித்து அளப்பது பாகம். ஏட்டுக்கணக்கில் 4 முழம், அதாவது 6 அடி. பழைய ஆங்கிலேயக் கடல் வரைபடங்களில் ஆழத்தைக் குறிக்கும் ஃபாதமும் (fathom) 6 அடிதான்: 1.8288 மீட்டர். அதனால் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

பாகம் ஆளுக்கு ஆள் மாறும். கைவீச்சு 165 செ.மீ. உள்ளவர் சொல்லும் 10 பாகம் 16.5 மீட்டர், 10 ஃபாதமோ 18.29 மீட்டர். அளந்தவரை 5 பாகம் கயிறு இழுக்கச் சொல்லி, டேப்பால் அளந்து 5-ஆல் வகுத்தால் அவருடைய பாகம் கிடைத்துவிடும். கயிற்றைத் தொய்வில்லாமல் பிடிக்கணும். நைலான் என்றால் இழுத்து நீட்டிவிடக் கூடாது.

ஃபாதத்தில் சிக்கல் வேறு. வரைபடத்தில் 3-க்குக் கீழே சிறிதாக 2 இருந்தால் அது 3.2 இல்லை, 3 ஃபாதம் 2 அடி, மொத்தம் 20 அடி, 6.1 மீட்டர். தசமமாகப் படித்தால் 5.85 வரும். அதோடு, வரைபட ஆழம் நீர் நன்றாக வற்றிய மட்டத்திலிருந்து எடுத்தது. பாகக் கணக்கோ, கயிறு போட்ட நேரத்து நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைச் சொல்லும்.

நங்கூரக் கயிற்றுக்குப் பாகமே போதும், கையோடு இருக்கிற அளவு. பழைய ஆழத்தை இன்றைய ஆழத்தோடு ஒப்பிட ஃபாதம்தான் சரி.