இன்டெல் மூடியா, ஏஎம்டி மூடியா: பழைய பிராசசரின் பூர்வீகத்தை எது தெளிவாகச் சொல்கிறது?

லினக்ஸில் பெரிய நிரல்களைக் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்ற, ஒரு கணினி கட்டினேன். பிராசசரை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக முடிவு. கடைசியில் இரண்டு மிஞ்சின: இன்டெல் கோர் ஐ5 10400எஃப், ஏஎம்டி ரைசன் 5 1600. வேகத்தில் இன்டெல்தான் மேல், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் நான் வாங்கியது ரைசன். பெட்டியும் பில்லும் இல்லாத பிராசசருக்கு, மேலிருக்கும் உலோக மூடியில் பொறித்த எழுத்துதான் ஒரே ஆவணம். அந்த ஆவணம் ஏஎம்டியில் முழுமையாக இருக்கிறது.

பிராண்டும் மாடல் எண்ணும் இரண்டிலுமே பளிச்சென்று தெரியும். வித்தியாசம் அதற்குக் கீழே உள்ள வரிகளில்.

பல இன்டெல் மூடிகளில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும், மலேசியா அல்லது வியட்நாம் என்று. பலர் சிப் அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறார்கள். அது சிலிக்கான் துண்டைப் பலகையில் பொருத்தி, மூடி போட்டு, சோதித்த இடம். சிலிக்கான் வார்க்கப்பட்டது வேறெங்கோ. 10400எஃப் தயாரான 14 நானோமீட்டர் நுட்பத்துக்கான இன்டெல் ஆலைகள் ஆரிகன், அரிசோனா, அயர்லாந்து, இஸ்ரேல் என்று பரவிக் கிடந்தன. 10400எஃப் அவற்றில் எதிலிருந்து வந்தது என்று மூடியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஏஎம்டி இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுகிறது. 'டிஃப்யூஸ்டு இன்' என்பது சிலிக்கான் உருவான நாடு, 'மேட் இன்' என்பது மூடி போட்ட நாடு. முதல் தலைமுறை ரைசனில் 'டிஃப்யூஸ்டு இன் யுஎஸ்ஏ' என்று இருந்தால், அது நியூயார்க் மாநிலத்தின் மால்டாவில் உள்ள குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆலையைக் குறிக்கிறது. ரைசன் 3000 வரிசையில் யுஎஸ்ஏ, தைவான் என்று இரண்டு டிஃப்யூஸ்டு வரிகள் வரும். கோர்கள் இருக்கும் துண்டு டிஎஸ்எம்சியின் தைவான் ஆலையிலும், இன்புட் அவுட்புட் துண்டு குளோபல்ஃபவுண்ட்ரீஸிலும் தயாரானதே காரணம். ஒரு சிப்பின் உள்ளமைப்பையே மூடி சொல்லிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது நாடு அல்ல, தேதி.

2017இல் வந்த முதல் ரைசன்களில் ஒரு கோளாறு இருந்தது. லினக்ஸில் எல்லாக் கோர்களையும் முடுக்கிவிட்டுக் கம்பைல் செய்தால், நடுவே செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழை வந்து வேலை நின்றுவிடும். அந்த ஆகஸ்டில் ஏஎம்டியே பிரச்சினையை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. 2017இன் 25ஆம் வாரத்துக்குப் பின் வந்தவை நம்பகமானவை என்று பயனர்கள் எல்லை வகுத்துக்கொண்டார்கள். நான் செய்யப்போவதும் இதே கம்பைல் வேலைதான். ஆக, தேதி தெரியாமல் அந்தச் சிப்பைத் தொட முடியாது.

மூடியில் 'யுஏ 1725எஸ்யுஎஸ்' போல ஒரு வரி இருக்கும். அதில் 17 ஆண்டு, 25 வாரம். அட்டவணை எதுவும் வேண்டாம். விற்பவரிடம் மூடிமேல் உள்ள தெர்மல் பேஸ்ட்டை (வெப்பம் கடத்தும் பசை) துடைத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாலே போதும். நான் எடுத்தது அந்த வாரத்துக்கு நன்கு பிந்தையது.

இன்டெலிலும் தேதி உண்டு, கொஞ்சம் மறைந்திருக்கும். பேட்ச் எண் 'எக்ஸ்038' என்று தொடங்கினால் எக்ஸ் வியட்நாம், 0 ஆண்டின் கடைசி இலக்கம், 38 வாரம். எல் என்றால் மலேசியா, 3 என்றால் கோஸ்டா ரிகா. 0 என்பது 2010ஆ 2020ஆ என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு இடத்தில் இன்டெல் நன்றாகவே செய்திருக்கிறது: எஸ்-ஸ்பெக், அதாவது ஒரே மாடலின் ரகங்களைப் பிரித்துக் காட்டும் மூடிக் குறியீடு. 10400எஃப்பில் எஸ்ஆர்எச்3டி என்றிருந்தால் ஆறு கோர் துண்டு, மூடிக்கடியில் தெர்மல் பேஸ்ட். எஸ்ஆர்எச்79 என்றிருந்தால் பத்து கோர் துண்டில் நான்கை முடக்கியது, மூடி சால்டர் செய்யப்பட்டிருக்கும் (உலோகப் பற்றால் ஒட்டப்பட்டிருக்கும்). பெயர் ஒன்று, உள்ளே இரு வேறு சரக்கு. ஏஎம்டியிலும் இதே கதை உண்டு. 1600இன் பார்ட் எண் ஏஇ என்று முடிந்தால் 14 நானோமீட்டர் ஜென் (முதல் ரைசனின் உள்வடிவமைப்பு), ஏஎஃப் என்று முடிந்தால் அதன் மேம்பட்ட வடிவமான 12 நானோமீட்டர் ஜென் பிளஸ். ஏஎஃப் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் பிராசசர்களும் சர்வர் சிப்களும் என் கைக்கு அதிகம் வந்ததில்லை. இதெல்லாம் பத்தாம் தலைமுறை வரையிலான இன்டெலையும் ஏஎம்4 சாக்கெட் ரைசன்களையும் வைத்துச் சொல்வது.

அப்புறம், மூடியைக் கழற்றி மாற்றலாம், எழுத்தைச் சுரண்டி மறுபடி பொறிக்கவும் முடியும். பணம் கொடுக்கும் முன் ஏதாவது மதர்போர்டில் மாட்டி லினக்ஸை ஏற்றி, பிராசசர் விவரம் காட்டும் 'எல்எஸ்சிபியு' (lscpu) கட்டளை கொடுங்கள். ஜென் என்றால் ஃபேமிலி 23, மாடல் 1. ஜென் பிளஸ் என்றால் மாடல் 8. 10400எஃப்பில் ஸ்டெப்பிங் (சிப் வடிவமைப்பின் திருத்த எண்) 3 என்றால் பேஸ்ட் ரகம், 5 என்றால் சால்டர் ரகம். மூடியில் ஏஎஃப் என்றிருந்து திரையில் மாடல் 1 வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். தயாரித்த வாரத்தை மட்டும் எல்எஸ்சிபியு காட்டாது, அதற்கு மூடியில் உள்ள அந்த நான்கு இலக்கம்தான் வழி.