முதல் மான் ரைஃபிள்: .243-ஆ, 7எம்எம்-08-ஆ?

பிள்ளைக்கு முதல் மான் வேட்டை ரைஃபிள் வாங்கும்போது, எந்தத் தோட்டாவுக்கானதை எடுப்பது என்பதுதான் கேள்வி. இந்த இரண்டு தோட்டாக்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்; .308 வின்செஸ்டர் தோட்டாக் கூட்டின் கழுத்தைக் குறுக்கிப் பிறந்தவை. .243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது, 7எம்எம்-08 ரெமிங்டன் 1980-இல்.

.243-இன் பலம், தோளில் அதிகம் உதைக்காதது. உதைக்குப் பயந்த பிள்ளை சுடும் முன்பே கண்ணை மூடும், விசையை வெடுக்கென இழுக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. சந்தேகமா? பயிற்சித் திடலில், சொல்லாமல் நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். வெடிக்காமலே குழல் முனை துள்ளினால் பயம் இருக்கிறது.

ஆனால் மானுக்கு .243-இல் வழக்கமான குண்டு 100 கிரெய்ன்தான் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு). அது தோள் எலும்பில் பட்டால், குண்டின் தரம் சரியில்லாதபோது ஆழம் போதாது. அடிபட்ட மான் ஓடிவிடும். 7எம்எம்-08-இன் 140 கிரெய்ன் குண்டு அங்கே கைகொடுக்கும். உதை கொஞ்சம் கூடுதல். குறைந்த உதைத் தோட்டாவில் பழக்கிவிட்டுப் பிறகு முழுத் தோட்டாவுக்கு மாறலாம். பிள்ளை வளர்ந்த பிறகும் ரைஃபிளை மாற்ற வேண்டியதில்லை.

சத்தத்துக்கே மிரளும் ஒல்லிப் பிள்ளைக்கு .243. மற்றவர்களுக்கு நான் 7எம்எம்-08 என்றே சொல்வேன். எதுவானாலும் பின்கட்டை (தோளில் ஊன்றும் பகுதி) கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். இறகு போன்ற ரைஃபிளும் வேண்டாம், எடை குறையக் குறைய உதை கூடும்.