30க்கு 40 சைட்டும் 6 சதவீத ஃபீஸும்

30க்கு 40 அடி சைட்டுக்கு ஆர்க்கிடெக்ட் எதற்கு, மேஸ்திரியே பிளான் போட்டுத் தருவாரே என்றுதான் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஏரியாவில் வீடுகள் எழுவதே அப்படித்தான். அப்ரூவலுக்குக் காகிதத்தில் ஒரு பிளான், கட்டுவதற்கு மேஸ்திரி மனதில் இன்னொரு பிளான். நாங்கள் கட்டுமானச் செலவில் 6 சதவீதம் ஃபீஸ் பேசி ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸைப் பிடித்தோம். ஐந்துக்கு மூன்றரை ஸ்டார் தருவேன்.

முதல் மீட்டிங்கிலேயே ஆர்க்கிடெக்ட் மேடம் நிறைய ஆசை காட்டினார். செங்கலுக்குப் பதில் மண் கட்டி, ஓடு பதித்துப் போடும் ஃபில்லர் ஸ்லாப் தளம், ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் ட்ராப் (எலிப்பொறி) சுவர். செங்கலைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது அது. செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும், பொந்தில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். திருவண்ணாமலைக்காரரான எங்கள் மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொந்து விட்டா எலிதான் சார் குடி வரும்" என்றார். கடைசியில் மாடியின் கைப்பிடிச் சுவர் மட்டும் அந்த முறையில் வந்தது. ஃபில்லர் ஸ்லாப் ஹாலுக்கு மட்டும். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அங்கே சும்மா கனம். அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமென்ட் குறையும். மண் கட்டி பேச்சோடு சரி.

ஆனால் கொடுத்த காசு ஜீரணமானது படிக்கட்டில். எங்களுடையது மேற்கு பார்த்த சைட். இதே வரிசையில் இரண்டு வீடுகள் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு, மார்ச் வந்ததும் திரை போட்டு ஏசியும் ஓட்டுகின்றன. மேடம் படிக்கட்டையும் பாத்ரூமையும் மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்தார். சாயங்கால வெயில் அவற்றைத்தான் சுடும், படுக்கையறைக்கு வராது. மாமனாரிடம் வெயில் கணக்கு எதுவும் பேசவில்லை. "தென்மேற்கில் கனம் இருக்கணும், படிக்கட்டு அங்கே வந்தா வாஸ்துப்படி நல்லது அங்கிள்" என்றார். மாமனார் உடனே தலையாட்டினார். படிக்கட்டின் உச்சியில், மொட்டை மாடியில் படிக்கட்டை மூடி நிற்கும் ஹெட்ரூமின் சுவரில், மழை அடிக்காதபடி சாய்வான பட்டைகள் வைத்து ஒரு சிமென்ட் லூவர். கீழே ஜன்னலைத் திறந்தால் சூடான காற்று மேலேறி அந்த வழியாக வெளியே போய்விடுகிறது. இந்த ஏப்ரலில் ஃபேனோடு சமாளித்தோம்.

மழைநீர் சேகரிப்புக்கு அவரைப் பாராட்ட ஒன்றுமில்லை. 1200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள சைட்டில் புது வீடு என்றால் 2009 முதல் அது சட்டம். ஆனால் மேஸ்திரிகள் கணக்குக்காக ஒரு பைப்பை இறக்கி ரோட்டில் விட்டுவிடுவார்கள். இவர் ஃபில்டர் வைத்து சம்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு, திருப்பினார். பெங்களூரில் வருடத்துக்கு ஏறக்குறைய 950 மில்லிமீட்டர் மழை, எங்கள் மொட்டை மாடி 800 சதுர அடி. போட்டுப் பார்த்தால் சுமார் 70 ஆயிரம் லிட்டர். டேங்கர்காரரைக் கெஞ்சிய யாருக்கும் அதன் அருமை தெரியும்.

ஒன்றரை ஸ்டார் போனது எங்கே? முக்கால் பணம் கைக்குப் போனதும் மேடம் வருவது நின்றது. அவருக்குப் பதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வந்து போட்டோ எடுத்துப் போனான். எலக்ட்ரிக்கல் டிராயிங் வந்தபோது முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. வயர் பைப் தளத்துக்குள்ளேயே போயிருக்க வேண்டும்; அதற்குப் பதில் பூசிய சுவரைக் கொத்தி வழி எடுத்தோம். கொத்துக்கூலி எங்கள் தலையில். கேட்டதற்கு, "டிராயிங் மெயிலில் இருந்ததே" என்று பதில்.

இன்னொரு சமாச்சாரம். எங்கள் மேஸ்திரி இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு எடுத்திருக்கிறார். அங்கே ஆர்க்கிடெக்ட் கிடையாது. போய்ப் பார்த்தேன், ஹெட்ரூமில் அதே லூவர். "காத்து நல்லா போகுது சார், அதான் இவங்களுக்கும் போட்டேன்" என்கிறார். சிமென்ட் நிறத்தில் விட்டால் ஓனருக்குப் பிடிக்காது என்று பச்சை பெயின்ட் வேறு!

நீங்கள் ஆர்க்கிடெக்ட் வைப்பதென்றால் எலிவேஷன் (முகப்பு) படத்துக்காக வைக்காதீர்கள், அதை இன்டர்நெட்டில் பார்த்து யாரும் கட்டிவிடுவார்கள். வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், காற்று எப்படி வெளியேறும் என்று முதல் நாளே கேளுங்கள். எலக்ட்ரிக்கல், பிளம்பிங் டிராயிங் தளம் போடுவதற்கு முன் கையில் வர வேண்டும் என்று அக்ரிமென்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் குடிபுகும் வரை பிடித்து வையுங்கள்.