எட்டு வருடம், மூன்று ஆயில் சீல்: என் ஃபோர் வீல் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வருகிறதாம். என் வண்டியின் அதே மாடல், விலையும் நன்றாக இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமாடா?" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே (இன்ஜின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி அது) கசிவு பார்க்க விரித்திருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை சுலபமான விஷயத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் அலைந்தேனே என்று. அந்தச் சூட்டில் அவனிடம் கத்தியதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

வண்டி 2017-ல் புதிதாக எடுத்தது. 1,12,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்ஜின், மைலேஜ், ஏசி இதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எனக்கும் அதில் பெரிய குறை கிடையாது. கியர் பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் தொங்கும் அந்த அலுமினியப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலைக்குள் பீஞ்சமந்தை, பலாம்பட்டு பக்கத்து ஊர்களில் புளியும் சாமையும் வாங்கிக் கீழே இறக்குவது என் பிழைப்பு. தார் முடிந்த பிறகு நான் போகிற வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது. செம்மண், மேலே உருட்டுக் கல், ஒரு பக்கம் பள்ளம். பின்னால் எட்டு மூட்டை புளி. மேலேயே வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன லிவரை லோவுக்கு, அதாவது மெதுவான கியருக்குத் தள்ளுவேன். அடியில் 'ணக்' என்று ஒரு சத்தம் கேட்கும், உள்ளங்கைக்கும் தெரியும். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால், அதன் பிறகு என் கால் எந்தப் பெடலிலும் இருக்காது. லோவில் அந்தப் பெட்டி சுழற்சியை இன்னும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைத்துவிடுவதால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் அந்தக் கல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இப்படி இறங்கினால் நான்கு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, போன தடவை மூட்டைக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டபடி கூடவே நடந்து வருவார். வண்டி அவர் நடையில்தான் வரும். எட்டு வருடத்தில் அந்த இறக்கத்தில் ஒரு தடவை கூட நெஞ்சு படபடத்ததில்லை.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரைப்பாலங்கள் பல மூழ்கின. அந்த மழையில் மலையடிவாரத்தில் ஒரு ஓடையைக் கடந்தேன், தண்ணீர் வண்டியின் வயிற்றைத் தொட்டது. பத்து நாள் கழித்து சர்வீஸில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கினார்கள். என் வண்டிக்கு ஊற்ற வேண்டியது ஏடிஎஃப் என்ற மெல்லிய ஆயில், அது சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பால் அதிகம் விட்ட காபி மாதிரி. தண்ணீர் கலந்துவிட்டது, ஆயில் மாற்றினால் போதும் என்றார்கள். மாற்றினார்கள், ஒரு வாரம் ஓட்டவிட்டு மறுபடியும் மாற்றினார்கள். அதுவரை சரிதான். ஆனால் சீல் (சுற்றுகிற தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) நன்றாக இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

2022 கோடையில் கசிவு ஆரம்பித்தது. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு, அதாவது பின் புரோபெல்லர் ஷாஃப்ட், வெளியே வருகிற இடத்தில். சொட்டுச் சொட்டாக விழுவது கொஞ்சம்தான். சுற்றுகிற ஷாஃப்ட் ஆயிலை விசிறியடித்து, வண்டித் தரையின் அடிப்பக்கம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடும். அது சைலன்சர் குழாயிலும் பட்டு, மலை ஏறும்போது கருகின வாடை அடிக்கும். சர்வீஸ் சென்டரில் பின் ஆயில் சீலை மாற்றினார்கள். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, "லீக் இல்லை சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் அந்தப் பெட்டிக்குச் சூடே ஏறாது. எட்டு மாதத்தில் அதே கோடு, அதே வாடை.

இரண்டாவது தடவை சீலோடு ஒரு யோசனையும் தந்தார்கள். ஏடிஎஃப் தண்ணீர் மாதிரி இருக்கிறது, கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் கசியாது என்று. நானும் தலையாட்டினேன். அது தப்பு. என் வண்டியில் இருப்பது சங்கிலியில் ஓடும் டிரான்ஸ்ஃபர் கேஸ். உள்ளே ஒரு சின்ன பம்ப், ஆயிலை மேலே இழுத்துப் பேரிங்குகளுக்கும் லோ கியர் தொகுதிக்கும் அனுப்புகிறது. மெல்லிய ஆயிலுக்காகச் செய்த பம்ப் அது. கெட்டி ஆயில் ஊற்றிய மறு மாதமே, மார்கழிக் காலையில் மலையில் லிவர் சட்டென்று விழ மறுத்தது. கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். பல்சக்கரம் மட்டும் உள்ள சில வண்டிகளுக்கு கியர் ஆயில்தான் சரி. அதை என் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தது அவர்கள் செய்த தவறு. கெட்டி ஆயிலும் கசியத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக.

மூன்றாவது சீல் 2024-ல், வேறொரு ஒர்க்‌ஷாப்பில். விவரம் வேண்டாம். அதே கதை.

இந்த வருடம் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பாயிடம் கொண்டு போனேன். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் வேலை கற்றவர். அந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சங்கிலி கிடையாது, வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் எல்லாம் பல்சக்கரம்தான். "எத்தனை சீல் போட்டிருக்கு?" என்றார். மூன்று என்றேன். "அப்ப சீல் மேல தப்பு இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

பின் ஷாஃப்டைக் கழற்றி, சீல் உதடு உட்கார்கிற இரும்பு முகத்தைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் குறுக்கே இழுத்தார். பழைய சீல் தேய்த்துத் தேய்த்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தால் நகம் மாட்டும், எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது. மாட்டவில்லை. அடுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் சீல் உதட்டை அது நசுக்கிக்கொண்டே இருக்கும். ஆட்டமும் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, "ஆம்பூர் வரைக்கும் போயிட்டு வா, நிறுத்தாம இங்கேயே வா" என்றார். மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் போய் வந்தேன். பெட்டி கை வைக்க முடியாத சூடு. ஆயில் ஊற்றுகிற பிளக்கை ஸ்பேனரால் மெல்லத் தளர்த்தினார். புஸ்ஸ்ஸ் என்று காற்று வந்தது, சைக்கிள் டியூப் மாதிரி.

எனக்கு அந்தச் சத்தத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு மூச்சுக் குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். ஓட ஓட உள்ளே காற்று சூடாகி விரியும், அது வெளியே போகத்தான் அந்த வழி. தண்ணீர் புகாமல் இருக்க ரப்பர் குழாயை இன்ஜின் பக்கம் உயரத்தில் கொண்டு போய் விட்டிருப்பார்கள். பாய் குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. நுனியைக் கத்தியால் கீறினால் உள்ளே மண். செங்கல் மாதிரி இறுகிய மண். தட்டி எடுத்தபோது அதோடு காய்ந்த சிலந்திக் கால்கள் உதிர்ந்தன. குளவிக் கூடு. குளவி குஞ்சுக்கு இரையாகச் சிலந்தியைப் பிடித்துப் போட்டு மண்ணால் அடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த அடைப்புதான் ஓடையிலிருந்து தண்ணீரையும் உள்ளே இழுத்தது. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக் குழாய் திறந்திருந்தால் அது வழியாக மேலிருந்து காற்று வரும். அடைத்திருந்தால் சீல் உதட்டைத் தாண்டித் தண்ணீர்தான் வரும். ஆக 2021-லேயே அது அடைத்திருந்திருக்கிறது. காபி நிற ஆயிலைப் பார்த்த அன்றே யாராவது அந்தக் குழாயை ஒரு தடவை ஊதிப் பார்த்திருந்தால் மூன்று சீலும் வேண்டியதில்லை. மூன்று சீலுக்கும் ஆயிலுக்கும் கூலிக்கும் சேர்த்து எனக்கு 14,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. பணத்தை விடுங்கள், புளி சீசனில் வண்டி நின்ற நாட்களை யார் திருப்பித் தருவார்?

பாய் சீலை மாற்றவே இல்லை. "அது போன வருஷம் போட்டதுதானே, அதுக்கு என்ன குறை? மூச்சு விடட்டும், பாக்கலாம்" என்றார். குழாயைச் சுத்தம் செய்து, நுனியில் பைக்குக்குப் போடுகிற சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை மாட்டினார். குளவியும் நுழையாது, தூசியும் போகாது. கெட்டி ஆயிலை இறக்கி ஏடிஎஃப் ஊற்றினார். இறக்கும் முன் மேல் பிளக்கைத் திறந்து பார்த்துக்கொண்டார். இதை எல்லோரும் பழக வேண்டும். கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலெல்லாம் போன பிறகு மேல் பிளக் இறுகித் திறக்காவிட்டால், வண்டியை நகர்த்தவே முடியாது. கீழ்ப் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. அது தேய்மானம், பயமில்லை. செதிலாகவோ துண்டாகவோ வந்தால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

மூன்று வாரம், மலைக்கு ஐந்து நடை. அட்டை காய்ந்தே கிடக்கிறது.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும், இது வண்டியின் குற்றமில்லை. என் மைத்துனர் ஒரு தடவை மலையிலிருந்து ஃபோர் வீலிலேயே வேலூர் வரை தார் ரோட்டில் ஓட்டி வந்துவிட்டார். லிவர் டூ வீலுக்கு வரவில்லை. இந்த மாதிரி வண்டியில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சமமாகச் சுற்றும், ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க இடமில்லை, முறுக்கு ஏறிக்கொண்டே போய் லிவரைப் பிடித்துக்கொள்ளும். நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வரும். பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் முதலில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். டயரும் நான்கும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். இரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் இதே முறுக்கு நேர் ரோட்டிலும் ஏறும். அப்புறம், ஃபோர் வீல் தேவையே இல்லாத மாதத்திலும் மண் பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டுங்கள். உள்ளே ஆயில் எல்லா இடத்துக்கும் போகும், லிவர் இறுகாது.

சங்கிலி, பல்சக்கரம், லிவரோடு சேர்ந்து கியரை நகர்த்தும் ஃபோர்க் எதுவும் இந்த எட்டு வருடத்தில் என்னைக் கைவிடவில்லை. பெட்டி தங்கம். இருந்தும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் ஓட்டப் போவது குடியாத்தம், காட்பாடி, வேலூர், அத்தனையும் தார். அந்த லிவர் வருடம் முழுக்கச் சும்மா இருக்கும், சும்மா இருந்தே கெடும். கெட்டால் பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு சீல் மாற்றத் தெரிகிறது, ஏன் கசிகிறது என்று யோசிக்கப் பொறுமையில்லை. இந்தக் கோபம் ஆறிய பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்று கேட்டால் வேண்டாம்தான்.

அவன் கேட்கிற ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியைப் பார்க்கப் போகிறான். நானும் கூடப் போகிறேன். நான்கு டயரையும் பார்த்துவிட்டு, மண்ணில் லோ போட்டு எடுத்து, அடியில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பிரீதர் குழாயை ஊதிப் பார்க்க வேண்டும்.