கேம்பிரிட்ஜ் ஆற்றில் கம்பு ஊன்ற: வடகடல்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

தொண்டி, பனைக்குளம் என்று நம் வடகடல் (பாக் விரிகுடா) கரை ஊர்களிலும் தென்கடலோரக் கீழக்கரையிலும் பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பிய வீடுகள் நிறைய. கத்திரி முடிந்து கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும் மே கடைசியிலும் ஜூனிலும்தான் வாப்பாவும் உம்மாவும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்புவது. லண்டனைச் சுற்றி முடித்ததும் அடுத்த நாளுக்கு எல்லோரும் சொல்லும் ஊர் கேம்பிரிட்ஜ். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் சுமார் 50 நிமிடம். ஊருக்குள் ஓடுவது கேம் ஆறு. அதில் கம்பு ஊன்றித் தள்ளும் சப்பட்டைப் படகுக்கு அங்கே 'பண்ட்' என்று பெயர். இங்கே எழுதுவது அந்தப் படகு வாடகையைப் பற்றி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குடும்பத்தில் ஒருவருக்காவது வத்தைப் படகில் கம்பு ஊன்றிய பழக்கம் இருந்தால், ஆள் வைத்துத் தள்ளும் பெரிய படகில் டிக்கெட் எடுக்காதீர்கள். சொந்தமாகத் தள்ளும் படகை எடுங்கள். வேலை நாளாகப் பார்த்து, காலை 11 மணிக்குள் துறைக்குப் போய்விடுங்கள். அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை, முட்டிவலிக்காரர் கூட இருக்கிறார் என்றால் ஆள் தள்ளும் படகே சரி. 45, 50 நிமிடத்தில் கல்லூரிகளின் பின்புறம் முழுக்கக் காட்டிக் கதையும் சொல்லி, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

படகின் அமைப்பு நமக்குப் புதிது. நீளம் ஏறத்தாழ 24 அடி, அகலம் 3 அடி. அடியில் ஏரா (நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை) கிடையாது, பலகை போல் தட்டை. அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) கூராக இல்லாமல் சதுரமாக வெட்டியதுபோல் மேல்நோக்கிச் சரிந்திருக்கும். சுக்கான் இல்லை, தண்டு இல்லை, எஞ்சின் இல்லை. அவசரத்துக்கு ஒரு சின்னத் துடுப்பு உள்ளே கிடக்கும். கரையை விட்டுப் புறப்படும் முன் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் பலகை மூடிய மேடை உண்டு. கேம்பிரிட்ஜில் அந்த மேடைதான் அமரம், தள்ளுபவர் அதன்மேல் ஏறி நிற்பார். ஆக்ஸ்போர்டில் இதற்கு நேர் எதிர்: மேடை முன்னால் போகும், தள்ளுபவர் பின்னால் படகுக்குள்ளேயே சரிவில் நிற்பார். விழாமல் இருக்க ஆக்ஸ்போர்டு முறை நல்லது. ஆற்றின் வளைவும் எதிரே வரும் படகும் தெளிவாகத் தெரிய கேம்பிரிட்ஜ் மேடை நல்லது. ஆனால் அந்த மேடை எப்போதும் ஈரமாகவே இருக்கும். தோல் செருப்பு வழுக்கும். வெறுங்காலோடு நிற்பதுதான் நம் ஆட்களுக்குச் சரிப்படும். ஜூனில் பாதம் சில்லிடும், அவ்வளவுதான்.

கம்பு சுமார் 16 அடி. மரத்திலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. அடி நுனியில் இரட்டை முள்ளாகப் பிளந்த உலோகப் பூண் மாட்டியிருப்பார்கள். கம்பு நேராக மூழ்க அதன் கனம் வேண்டும், சரளைக்கல்லில் கம்பு சறுக்காமல் நிற்க அந்தப் பிளவு வேண்டும். துறையில் கம்பைக் கையில் வாங்கியதும் முதலில் பூணைப் பாருங்கள். ஆடினாலோ தேய்ந்து மழுங்கியிருந்தாலோ வேறு கம்பு கேளுங்கள், மாற்றித் தருவார்கள். அலுமினியக் கம்பு எடை குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதாக இருந்தால் அதையே எடுக்கலாம்.

இனி தள்ளும் விதம். வடகடலில் கரைத் தண்ணீரில் நாம் கம்பைச் சாய்த்து ஊன்றி உடம்பைக் கொடுத்துத் தள்ளுவோம். இங்கே அது உதவாது. ஏரா இல்லாத படகு என்பதால் சாய்த்து ஊன்றினால் அமரம் பக்கவாட்டில் ஓடி, படகு வட்டமடிக்கும். மேடையில் பக்கவாட்டாக நில்லுங்கள், கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, கம்பு இறங்கும் விளிம்பை ஒட்டி. கம்பைக் கைமாற்றிக் கைமாற்றி நேர்செங்குத்தாக மேலே இழுத்து, படகின் விளிம்பை உரசினாற்போல் நேராக விடுங்கள். வலிந்து குத்தக் கூடாது, கைக்குள்ளேயே வழுக்கிக் கீழே போகட்டும். பூண் அடியைத் தொட்டது கையில் தெரிந்த பிறகுதான் தள்ள வேண்டும். அதற்கு முன் உடம்பைச் சாய்த்தால் தண்ணீரில்தான் போய் விழ வேண்டும். தொட்டதும் ஒரு கைமேல் ஒரு கையாகக் கம்பில் ஏறி, கீழும் பின்னுமாக அழுத்துங்கள். படகு முன்னே நழுவும். கம்பின் தலை கைக்கு வந்ததும் பிடியைத் தளர்த்திவிட்டு, கம்பைப் பின்னால் மிதக்க விடுங்கள்.

பின்னால் மிதக்கும் அந்தக் கம்புதான் சுக்கான். அதன் கீழ்நுனி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அணியம் திரும்பும். புதியவர்கள் செய்யும் முதல் பிழை, திருப்ப வேண்டிய நேரத்தில் திரும்பத் திரும்ப ஊன்றுவது. ஒரு தள்ளு, பிறகு மூன்று நான்கு நொடி சுக்கான் பிடித்தல், அடுத்து மறு தள்ளு. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் படகு கோடு கிழித்ததுபோல் போகும். அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

அடுத்த பெரிய தொல்லை, கம்பு சேற்றில் மாட்டிக்கொள்வது. படகு முன்னே போகும், கம்பு பின்னே நிற்கும், பிடித்த பிடியை விடாதவர் இரண்டுக்கும் நடுவில் தொங்குவார். நம் பக்கம் கம்பைக் கைவிடுவது மானக்கேடு. அங்கே கைவிடுவதுதான் முறை. இழுக்கும் முன் கம்பை அரைச் சுற்று முறுக்குங்கள், சேற்றின் பிடி விட்டுப்போகும். அப்படியும் வரவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு, துடுப்பால் படகைப் பின்னுக்கு வலித்து வந்து எடுத்துக்கொள்ளலாம். கம்பு நட்டபடியே நிற்கும், எங்கும் போகாது.

சேறு எங்கே, சரளை எங்கே என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. சரக்குப் படகுகளைக் குதிரை கட்டி இழுத்த காலத்தில், கல்லூரிகள் தங்கள் தோட்டக் கரையில் குதிரைப் பாதைக்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் ஆற்றின் நடுவிலேயே தண்ணீருக்கடியில் சரளை கொட்டி மேடு அமைத்து, குதிரைகளைத் தண்ணீரில் நடக்கவிட்டே படகுகளை இழுத்தார்கள். அந்த மேடு இன்றும் அடியில் கிடக்கிறது. நடு ஆற்றில் பூண் 'நறுக்' என்று கல்லில் பதியும். ஓரமாக ஒதுங்கினால் ஆழமும் சேறும். ஆக, நடுவை ஒட்டியே போவது கைக்கு லாபம். எதிர்ப் படகு வந்தால் மட்டும் வலப்புறம் ஒதுங்குங்கள். சாலையில் இடப்பக்கம் போகும் நாடுதான், ஆற்றில் வலப்பக்கம் என்பதை மறந்துதான் பாதி மோதல்கள் நடக்கின்றன.

மோதல் பெரிதாக ஒன்றும் செய்யாது, விரல்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டால் இரண்டு படகுக்கு நடுவில் நசுங்கும். பிள்ளைகளிடம் ஏறும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாலத்தை நெருங்கும்போது கம்பை உயர்த்தக் கூடாது. வளைவில் கம்பு முட்டினால் படகு ஓடிவிடும், ஆள் நின்றுபோவார். பாலத்துக்கு ஒரு படகு நீளம் முன்பே கடைசித் தள்ளைக் கொடுத்து, கம்பைப் பின்னால் படுக்கவிட்டுக் குனிந்து கடந்துவிடுங்கள். கம்பைத் தூக்கும்போது தண்ணீர் கம்போடு வழிந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும், முன்னால் உட்கார்ந்தவர் மடியிலும் சொட்டும். தள்ளுபவர் சட்டைக் கையை மடித்துக்கொள்ளட்டும். அவருக்கு மிக அருகில் பட்டுச்சேலையோடு யாரும் உட்கார வேண்டாம்.

மேக்டலின் பாலத்துத் துறையில் ஏறினால் போவது எதிரோட்டத்தில், ஆனால் ஓட்டம் மெதுவானது. 1910 முதல் படகு வாடகைக்கு விடும் ஸ்கடமோர் நிறுவனத்துக்கு அங்கும் மில் லேனிலும் துறைகள் உண்டு. டிரினிட்டி கல்லூரியும் சொந்தமாகப் படகு வாடகைக்கு விடுகிறது. அந்தத் துறை கல்லூரிகளுக்கு நட்டநடுவில் இருப்பதால் மேக்டலின் பாலத்து நெரிசலில் சிக்காமல் நேரே நல்ல இடத்தில் இறங்கிவிடலாம். எங்கள் ஓட்டு டிரினிட்டி துறைக்குத்தான். எந்தத் துறையானாலும் தெருவில் மறித்து டிக்கெட் நீட்டுபவர்களிடம் வாங்காமல் துறையிலோ இணையத்திலோ வாங்குங்கள்.

பார்க்க வேண்டியவை எல்லாம் ஒரு மைலுக்குள் அடுத்தடுத்து வரும். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் கூரை போட்ட பாலம் 1831-இல் கட்டியது. அதைத் தாண்டியதும் கரையில் நீண்டு நிற்பது டிரினிட்டியின் ரென் நூலகம், 1695-இல் முடிந்த கட்டடம். நம்மவர்கள் கம்பை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது. 1914 முதல் 1919 வரை நம் ராமானுஜன் இருந்தது இந்தக் கல்லூரியில்தான். 1918-இல் இங்கேயே ஃபெலோ (கல்லூரியின் உறுப்பினர்) ஆனார். அவர் கடைசி ஆண்டில் எழுதிய கணக்குத் தாள்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கையில் கிடைத்ததும் இந்த நூலகத்தில்தான். கும்பகோணத்துப் பிள்ளை குளிரில் நடந்த கரை இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆள் தள்ளும் படகுகளில் பெரும்பாலும் நியூட்டன் கதைதான் நீளமாக வரும்.

கிளேர் கல்லூரிப் பாலம் 1640-இல் கட்டியது, இந்த ஊரில் ஆற்றின்மேல் நிற்கும் பாலங்களில் வயதில் மூத்தது. கைப்பிடிச் சுவரின் மேல் 14 கல்லுருண்டைகள். அவற்றில் ஒன்றில் மட்டும், முழுப் பலாப்பழத்தில் ஒரு கீற்று அரிந்து எடுத்ததுபோல் ஒரு துண்டு காணாது. படகிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. பின்னர் பாலத்தின்மேல் நடந்துபோய்க் கையால் தடவிப் பாருங்கள். குயின்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை நியூட்டன் ஆணி இல்லாமல் கட்டினார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூட்டன் 1727-இல் இறந்தார், பாலம் கட்டியது 1749-இல். இன்று நிற்பது 1905-இல் புதுப்பித்தது. நேர் மரங்களை மட்டுமே வைத்து வளைவு அமைத்த விதம் படகு கட்டும் ஓடாவிக்குப் பிடிக்கும்.

பருவ விஷயத்தில் ஏமாந்து திரும்புபவர்கள் அதிகம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை தேர்வுக் காலம். பல கல்லூரிகள் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அந்த நாள்களில் கல்லூரிகளைப் பார்க்க ஆறுதான் வழி. அதனாலேயே படகுக்குக் கூட்டம் கூடும். தேர்வு முடிந்ததும் வரும் மாணவர் கொண்டாட்டத்துக்கு 'மே வாரம்' என்று பெயர், நடப்பதோ ஜூனில். பிற்பகலில் ஆறு முழுக்கப் படகு, குடித்துவிட்டுத் தள்ளும் இளவட்டங்கள். குடும்பத்தோடு போக அந்த வாரம் வேண்டவே வேண்டாம். அதே சமயத்தில் கீழ் ஆற்றில் நடக்கும் துடுப்புப் படகுப் போட்டியைக் கரையில் நின்று பார்க்கலாம். ஆறு குறுகலானது என்பதால் பக்கத்தில் பக்கம் ஓட்டாமல், ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் வரிசையாகப் புறப்பட்டு, முன்னால் போகும் படகை முட்டுவதே வெற்றி. நம்புதாளைப் பக்கத்துப் பாய்மரப் போட்டியை ரசிப்பவர்களுக்கு இது நல்ல விருந்து.

வெயிலைப் பற்றிக் கவலை இல்லை, பகலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான். காற்றடித்தால் நமக்கு அதுவே குளிர். தள்ளுபவருக்கு வேர்க்கும், உட்கார்ந்தவருக்கு நடுக்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும், மஃரிப் (அந்தி) தொழுகையும் அப்போதுதான். லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு மில் ரோட்டில் 2019-இல் திறந்த மத்தியப் பள்ளிவாசல் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மரச்சட்டங்களை வளைத்துப் பின்னிய தூண்கள், மரம்போல் விரிந்து கூரையைத் தாங்கும். கீழக்கரைப் பள்ளியின் கல்தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது தனி அனுபவம். ஹலால் சாப்பாடும் அந்தச் சாலையிலேயே கிடைக்கும்.

இரண்டாம் தடவை போகிறவர்கள் மேல் ஆற்றுக்குப் போங்கள். மில் குளத்தில் ஒரு தடுப்பணை உண்டு. அதற்கு மேலே ஆறு புல்வெளிகளுக்கு நடுவே கிராண்ட்செஸ்டர் கிராமம் வரை, ஏறத்தாழ 2 மைல். படகை உருளைகளின் மேல் இழுத்து அணையைக் கடத்தலாம், ஆனால் அதற்கு மூன்று நான்கு பேர் கை வேண்டும். அணைக்கு மேலேயே படகு எடுத்தால் அந்தப் பாடு இல்லை. போய்வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடி பெரும்பாலும் சேறு, முறுக்கி இழுக்கும் வித்தை ஒவ்வொரு தள்ளுக்கும் தேவைப்படும். திறந்த வெளியில் பக்கக்காற்று அணியத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டியே போங்கள். அன்னங்கள் குஞ்சோடு திரியும் பருவம், அகலமாக ஒதுங்கிவிடுங்கள். கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை.

குறைகளும் உண்டு. இருக்கை தரைமட்டத்தில் மெத்தை போட்டது, காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். எழுந்திருக்கக் கைத்தாங்கல் வேண்டும். படகில் கழிப்பறை கிடையாது. வாடகை மணிக்கணக்கு, சனி ஞாயிறு பிற்பகலில் அதிகம். நேரம் தாண்டினால் கூடுதல் காசு. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் வனத்துறைப் படகுக்குக் கொடுக்கும் கட்டணத்தை மனதில் வைத்துப் போனால் மலைப்பாக இருக்கும். சொந்தமாகத் தள்ளும் படகில் ஆறு பேர் வரை ஏறலாம் என்பதால் தலைக்கு வகுத்துப் பாருங்கள், ஆள் தள்ளும் படகை விடக் குறைவாகவே வரும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்காதீர்கள். துறைக்குத் திரும்பியதும் தள்ளுபவர் மேடையிலேயே நிற்கட்டும், கம்பைச் சேற்றில் ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கியபின் அவர் கடைசியாக இறங்கலாம்.