காட்டுச் சேற்றில் ஓடும் ஷூ: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மழைக்காட்டுக்குள் நடக்கும் நெடுந்தூர ட்ரெய்ல் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர், நான் அணியும் ஷூவையே தானும் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட மனம் வராததால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எடை, அடிப்பாகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் பற்களின் உயரம், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஆகியவற்றைச் சேற்று ஷூ தேடும் எவரும் முன்பே பார்த்து வைத்திருப்பார்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த ஜோடி என்னுடன் பல பருவங்களைக் கடந்துவிட்டது. அண்மையில்தான் முன்விரல் பகுதியில் பிரிந்துபோன ரப்பர் விளிம்பைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினேன். இவ்வளவு உழைத்த ஷூவில் அந்த விளிம்பு பிரிந்ததை நான் குறையாக எண்ணவில்லை. என் குறை வேறு.

ஆனால் முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். காட்டுச் சேற்றில் வழுக்கலைவிட ஒட்டல்தான் ஓடுபவரை அதிகம் களைப்பாக்குகிறது. களிமண் கலந்த சேறு அடிப்பாகத்துப் பற்களின் இடைவெளியில் புகுந்து தங்கிவிட்டால், அடுத்த சில அடிகளில் அதன்மேல் இன்னொரு படலம் சேர்கிறது. அதன்மேல் சருகும் குச்சியும் ஒட்டுகின்றன. சற்று நேரத்தில் பற்கள் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அவை தரையைத் தொடுவதே இல்லை, மண்ணின்மேல் மண்தான் வழுக்குகிறது. கூடவே ஒவ்வொரு காலிலும் வேண்டாத எடை ஒன்று ஏறிக்கொள்கிறது. அந்த எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருப்பதால், தொடையின் முன்தசை சமதளத்திலேயே ஓய்ந்துவிடுகிறது.

இந்த ஷூவில் அது நேர்வதே இல்லை. பற்கள் ஒன்றுக்கொன்று விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு நிற்கின்றன. அடியில் அகன்றும் நுனியில் குறுகியும் இருப்பதால் மண் இறுகிப் பிடித்துக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. முன்பாதம் மடங்கும் இடத்தில் அடிப்பாகம் மெலிந்து வளைகிறது. காலை உந்தி எடுக்கும் கணத்தில் பற்களின் இடைவெளி இன்னும் சற்று விரிய, பிடித்திருந்த மண் கழன்று பின்னால் தெறிக்கிறது. செம்மண் சரிவொன்றில் ஏறும்போது அப்படிக் கழன்று விழுந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தேன். பற்களின் விளிம்புகள் அப்படியே பதிந்து, மூலை மழுங்காமல், அச்சில் வார்த்து எடுத்தவை போலக் கிடந்தன. அந்தச் சரிவில் கைகளை ஊன்றி ஏறியவர்களுக்கு நடுவே நிமிர்ந்து ஏறியதை இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நனைந்த வேர்களைப் பற்றி யாரும் தவறான நம்பிக்கை கொள்ள வேண்டாம். பட்டை உரிந்து, பாசி படிந்து, மழையில் பளபளக்கும் வேரின்மேல் பற்களின் உயரத்தால் ஒரு பயனும் இல்லை. அங்கே ரப்பரின் மென்மை மட்டுமே சிறிதளவு உதவும். வேரை நீளவாக்கில் மிதிக்காமல் தாண்டிச் செல்வதும், தாண்ட முடியாதபோது குறுகிய அடியாக எடுத்து வைத்து உடலின் எடையை நேர் கீழாக இறக்குவதும்தான் வழி. இதில் இந்த ஷூ மற்றவற்றைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. கெட்டித்த பாதையில் நீண்ட நேரம் ஓடினால் பற்கள் அடியில் நெளிவது பாதத்துக்குத் தெரிகிறது. சேற்றுக்காகச் செய்த பொருளிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது முறையன்று.

மேல்துணியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். காட்டில் ஷூவைக் கிழிப்பது கல்லைவிடப் பிரம்புக் கொடிதான். அதன் முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால், மாட்டிய துணியை இழுத்தால் இன்னும் ஆழமாகப் பிடிக்கும். இந்தத் துணியில் நூல் பிசிறியிருக்கிறதே ஒழிய எங்கும் ஓட்டை விழவில்லை. நெசவு நெருக்கமாக இருப்பதால் நுண்மணல் எளிதில் உள்ளே வருவதில்லை. ஆனாலும் ஓடையைக் கடந்து கரையேறிச் சில அடிகள் வைப்பதற்குள் பாதத்தின் அழுத்தத்தால் நீர் பக்கவாட்டில் பீறிட்டு வெளியேறிவிடுகிறது. நாக்குத் துணியை இருபுறமும் சேர்த்துத் தைத்திருப்பதால் அட்டைகள் லேஸின் இடுக்கு வழியாக நுழைய முடிவதில்லை. காலுறையின் மேல்விளிம்பு வழியாக அவை வரும்தான். அதற்கு ஷூவைக் குறை சொல்ல முடியாது.

பற்கள் வெட்டிய ரப்பர் அடிப்பாகம் மலையேறிகளின் உலகத்தில் பிறந்தது. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் நண்பர்கள் ஆறு பேர் மாண்டதற்குப் பொருத்தமற்ற காலணியும் ஒரு காரணம் என்று கருதிய விட்டாலே பிரமானி, பல தரைகளிலும் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் அடைந்த இத்தாலியக் குழு, அவர் நிறுவிய விப்ரம் நிறுவனத்தின் அடிப்பாகம் பொருத்திய காலணிகளை அணிந்திருந்தது. அன்று தொடங்கிக் காலணிக்கும் தரைக்கும் இடையே நடப்பதைப் பற்றி எத்தனையோ பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். இந்த ஷூவைச் செய்தவர்களும் அந்த வரிசையில் வைக்கத் தக்கவர்கள்தாம். அப்படிப்பட்டவர்கள் காலணிக்கும் காலுக்கும் இடையே நடப்பதை ஏன் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் கோபம்.

இந்த ஷூவின் இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் உள்ளே போட்டிருக்கும் மெத்தை, நனைந்தவுடன் நகர்கிறது. உலர்ந்த பாதையில் அது இருக்கும் இடமே தெரியாது. கடையில் போட்டு நடந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தென்படாது. ஓர் ஓடையைக் கடந்து நீண்ட இறக்கத்தில் இறங்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. குதிகால் பக்கம் இன்சோல் சிறிது சிறிதாக முன்னேறுகிறது. முன்னால் போக இடமில்லாமல் விரல்களுக்கு அடியில் மடிந்து சுருள்கிறது. பாதத்தின் பின்பகுதி வெறும் தையல் தளத்தின்மேலும் விரல்கள் ஈரப் பஞ்சுச் சுருளின்மேலும் நிற்க, ஒவ்வோர் அடியிலும் நகங்கள் முன்சுவரில் மோதுகின்றன.

இதற்குக் காரணம் சிக்கலானது அன்று. இறக்கத்தில் பாதம் எப்போதும் முன்னோக்கித் தள்ளுகிறது. காலுறைக்கும் இன்சோலின் மேற்பரப்புக்கும் இடையே உள்ள பிடி, இன்சோலின் கீழ்ப்பரப்புக்கும் ஷூவின் உள்தளத்துக்கும் இடையே உள்ள பிடியைவிட வலுவாக இருந்தால், இன்சோல் தளத்தை விட்டுக் காலோடு போய்விடும். இந்த ஷூவில் மேற்பரப்பு சொரசொரப்பான துணி, கீழ்ப்பரப்பு வழவழப்பான பஞ்சு. அந்தப் பஞ்சுக்கும் உள்தளத்துக்கும் இடையே நீரும் வண்டலும் புகுந்தால் பிடிக்கு என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, இன்சோலை உள்தளத்தைவிடச் சற்றுக் குறுகலாக வெட்டியிருக்கிறார்கள். பக்கச் சுவர்களாவது அதைத் தாங்கிப் பிடித்திருக்கும், அதற்கும் வழியில்லை. தடிமனோ மிகக் குறைவு. மடிவதற்கென்றே செய்ததுபோல மடிகிறது.

போட்டியின் நடுவே இதைச் சரிசெய்வது எப்படிப்பட்ட வேலை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். சேறு ஊறி இறுகிய லேஸ் முடிச்சை, சேறு பூசிய விரல்களால், நகம் மடங்க மடங்க அவிழ்க்க வேண்டும். ஷூவைக் கழற்றியதும் காலுறையில் ஒட்டிய மணல் உள்ளே உதிரும். சுருண்ட இன்சோலை வெளியே இழுத்து, பிழிந்து, இருபுறமும் வழித்து, மறுபடி உள்ளே செருக வேண்டும். நனைந்து துவண்டிருப்பதால் அது நேராகப் போகாமல் பாதி வழியிலேயே மடியும். கையை உள்ளே விட்டு முன்நுனி வரை நீவிவிட்டு, காலை நுழைக்கும்போதே மீண்டும் நகராதபடி குதிகாலை முதலில் அழுத்தி இறக்க வேண்டும். இதற்குள் அட்டைகள் இடம் பார்த்துக்கொள்ளும். ஏற்றத்தில் பின்தங்கியவர்கள் எல்லாரும் கடந்து போய்விடுவார்கள். அடுத்த ஓடையைக் கடந்ததும் எல்லாம் முதலிலிருந்து. சேற்றை உதறும் பற்கள் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தை இந்த இன்சோல் ஒரே இறக்கத்தில் செலவழித்துவிடுகிறது.

நேரம் போவதை நான் பொறுத்துக்கொள்வேன். தோல் போவதைப் பொறுக்க முடியாது. நெடுநேரம் நீரில் ஊறிய பாதத்தின் மேல்தோல் வெளுத்து, தடித்து, தளர்ந்துவிடுகிறது. அந்நிலையில் ஈரத் துணியின் மடிப்பு ஒன்று அதன்மேல் உரசினால் கொப்புளம் எழ அதிக நேரம் தேவையில்லை, எழுந்த கொப்புளம் உடையவும் அதிக நேரம் தேவையில்லை. காட்டுச் சேற்றில் உடைந்த கொப்புளத்தோடு ஓடுவது வெறும் வலி சார்ந்த விஷயமும் அன்று. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈரமண்ணிலும் உயிரோடிருந்து, தோலின் கீறல் வழியாகவும் ஊறித் தளர்ந்த தோல் வழியாகவும் உடலுக்குள் நுழையக்கூடியது. 2000-ஆம் ஆண்டில் போர்னியோ தீவின் சபா மாநிலத்தில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் என்னும் பல நாள் சாகசப் போட்டி முடிந்து வீரர்கள் தத்தம் நாடு திரும்பிய பின் பலருக்குக் காய்ச்சல் கண்டது. ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு அந்நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தன. அங்கே முதன்மையான காரணமாகத் தெரிந்தது செகாமா ஆற்றில் நீந்தியது என்பதையும், அதற்கும் எந்த ஷூவின் இன்சோலுக்கும் தொடர்பில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் காட்டு நீரில் இறங்குபவர் தன் தோலைக் கிழியாமல் காத்துக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. காலைக் காக்க வேண்டிய பொருளே காலைத் திறந்துவிடுவதை என்னால் சிறு குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். வேறு இன்சோல் வாங்கிப் பொருத்திக்கொள்ளுமாறு மரியாதையாகப் பதில் வந்தது. அடுத்த பதிப்பு வந்தபோது ஆவலோடு கையில் எடுத்துப் பார்த்தேன். நிறங்கள் மாறியிருந்தன, இன்சோல் மாறவில்லை.

அவர்கள் சொன்னதையும் செய்து பார்த்தேன். தடிமனான இன்சோல் நகரவில்லை. ஆனால் குதிகால் உயர்ந்து ஷூவின் பின்கிண்ணத்திலிருந்து எழும்பியது, சேறு ஷூவைப் பிடித்து இழுக்கும் இடங்களில் கால் மட்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. தடித்த பஞ்சு நீரைக் குடித்துக் கனத்தது வேறு. இருபுறமும் ஒட்டும் டேப் முதல் ஓடையிலேயே கழன்றது. இன்சோலே இல்லாமல் ஓடிப் பார்த்ததில் உள்தளத்தைச் சுற்றிய தையல் பாதத்தில் கோடாகப் பதிந்தது. கடைசியில் ஓரளவு பலித்தது காலணிப் பசைதான். குதிகாலிலிருந்து பாதவளைவு வரை உள்ள பின்பாதியை மட்டும் ஒட்டியபோது நகர்வு நின்றது. மிக நீண்ட இறக்கங்களில் முன்பாதி மட்டும் லேசாகச் சுருங்குகிறது, ஆனால் நிற்க வேண்டிய அளவுக்கு இல்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: ஒட்டிய இன்சோலை வெளியே எடுத்துக் கழுவ முடியாது, அடியில் புகுந்த வண்டல் அங்கேயே தங்குகிறது, ஷூ உலர்வதற்கு மும்மடங்கு நேரம் பிடிக்கிறது. நெருப்பருகே வைத்து உலர்த்தினால் பசை இளகி அடிப்பாகமும் பிரியும் என்பதால், செய்தித்தாளை உள்ளே திணித்து, நனைய நனைய மாற்றி, நிழலில்தான் உலர்த்த வேண்டியிருக்கிறது.

சேற்றில் இதுபோலத் தரையைப் பிடித்த வேறொரு ஷூவை நான் அணிந்ததில்லை. இருந்தும், ஓடைகளும் நீண்ட இறக்கங்களும் உள்ள நெடுந்தூரப் போட்டிக்கு இதை வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்கிறேன். சில மணி நேரத்தில் முடியும் குறுகிய சேற்று ஓட்டங்களுக்குத் தயங்காமல் வாங்கலாம். என் ஷூவின் பற்கள் தேய்ந்து தீர்ந்தால் நான் மறுபடி இதையேதான் வாங்குவேன் என்பதும் உண்மை. அந்தச் செம்மண் சரிவை இன்னொரு ஷூவோடு ஏற எனக்கு விருப்பமில்லை. அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். பசை டப்பாவோடு வாழப் பழகியவனின் விருப்பம் அது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதென்றால், புதிதாக இருக்கும்போதே, உள்ளே சேறு படுவதற்கு முன்பே, ஒட்டிவிடுங்கள். இன்சோலின் அடிப்பரப்பையும் உள்தளத்தையும் உப்புத்தாளால் சற்றுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, பின்பாதியில் மட்டும் இரு பரப்பிலும் மெல்லியதாகப் பசை பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். குதிகாலை முதலில் சரியாகப் பொருத்திக்கொண்டு முன்னோக்கி நீவி வாருங்கள். ஒட்டிய பின் நகர்த்த முடியாது. ஒரு முழு நாள் விட்டு, முதல் ஓட்டத்தை ஓடையும் இறக்கமும் உள்ள பாதையில் ஓடிப் பாருங்கள். நகர்வதாக இருந்தால் போட்டி நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.